ஜீனோம் மடிப்பு ஆராய்ச்சி: ஜோப் டெக்கர் போன பாதையில் இனி என்ன மிச்சம் இருக்கிறது?

வைகைக்கரையான்

எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருடம் படிக்கிறேன். இப்போது பெங்களூரில் ஒரு ஈஸ்ட் லேபில் புராஜெக்ட். பக்கத்து லேபில் ஜர்னல் கிளப் நடக்கும்போது நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். போன வாரம் அங்கே ஹை-சி பற்றி ஒரு பேப்பர் பேசினார்கள். ஒரு மனிதச் செல்லில் இருக்கிற டிஎன்ஏவை நீட்டினால் இரண்டு மீட்டர் வரும், அது பத்து மைக்ரோமீட்டர் அளவுள்ள நியூக்ளியஸுக்குள் எப்படி மடங்கிக் கிடக்கிறது என்று வரைபடம் போடுகிற முறை. குறுக்குக் கோட்டை ஒட்டிச் சிவப்புச் சிவப்பாக முக்கோணங்கள். பாதி புரியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வேறு எதையும் படிக்க மனம் போகவில்லை.

அந்த முறையைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜோப் டெக்கர் என்று சொன்னார்கள். அவருடைய பேப்பர் பட்டியலைப் போய்ப் பார்த்தேன். 2002-ல் 3சி, 2006-ல் 5சி, 2009-ல் ஹை-சி, 2012-ல் டாட், அப்புறம் செல் பிரியும்போது குரோமோசோம் எப்படிச் சுருங்குகிறது என்று ஒரு வரிசை. இருபது வருடத்துக்கு மேல் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இருக்க முடியுமா?

என் சந்தேகம் இதுதான். வரைபடம் எல்லாம் போட்டு முடித்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. இப்போது பிஎச்டி சேர்ந்தால் அவர்கள் விட்ட மிச்சத்தைப் பொறுக்குகிற வேலைதான் இருக்குமா? ஐடியில் இருக்கிற மாமா, பைப்பெட்டைக் கீழே வை, பைத்தான் படி என்கிறார். லேபில் இருக்கிற ஒரு சீனியரும் அதையே சொல்கிறார். இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள். டெக்கர் உண்மையில் என்ன செய்தார் என்பதும் எனக்குச் சரியாகப் புரியவில்லை.

சேலத்து_ஸ்கிரிப்ட்

மாமா சொல்வதுதான் சரி. ஹை-சி டேட்டாவைச் சேர்த்து வைத்திருக்கிற 4டி நியூக்ளியோம் தளத்தில் போய்ப் பாருங்கள், டேட்டா கொட்டிக் கிடக்கிறது, காசே கிடையாது. கூலர், ஹைகிளாஸ் என்கிற இரண்டு மென்பொருளையும் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு ஒரு குரோமோசோமைத் திறந்து பாருங்கள். எவனோ ராத்திரி கண்விழித்துப் போட்ட லைப்ரரியை (சீக்வென்ஸ் செய்யத் தயாராக்கிய டிஎன்ஏ துண்டுகளை) நீங்கள் டீ குடித்துக்கொண்டே ஆராயலாம். நான் அப்படித்தான் பிஎச்டி முடித்தேன், பைப்பெட்டைத் தொட்டது எம்.எஸ்சி. பிராக்டிகலில்தான். வேலைக்கும் பஞ்சமில்லை.

பெஞ்ச்_அக்கா

ராத்திரி கண்விழிக்கிற அந்த 'எவனோ' நான்தான். ஹைதராபாத்தில் பிஎச்டி முடித்து, இப்போது ஜெர்மனியில் ஒரு குரோமாட்டின் (டிஎன்ஏவும் அதோடு சேர்ந்த புரதங்களும்) லேபில் இருக்கிறேன். ஹை-சி லைப்ரரி போடுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் என் பேச்சில் ஒரு சாய்வு இருக்கும், சேலத்துக்காரருக்கும் இருக்கிறது, இரண்டையும் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

தம்பி, அந்தப் பட்டியலை ஒரே கேள்வி என்று படித்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. முறை ஒவ்வொரு தடவை கூர்மையானபோதும் முந்தைய கேள்வி செத்து, வேறு ஒன்று முளைத்தது. அதை விளங்கிக்கொண்டால் என்ன மிச்சம் என்பதற்கும் பதில் கிடைத்துவிடும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்கர் நெதர்லாந்துக்காரர். உட்ரெக்டில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஹார்வர்டில் நான்சி கிளெக்னரிடம் போஸ்ட்டாக் சேர்ந்தார். கிளெக்னர் லேபின் அக்கறை மயோசிஸ்: ஜோடிக் குரோமோசோம்கள் ஒன்றையொன்று எப்படித் தேடிப் பிடிக்கின்றன என்பது. அன்றைக்கு அதைப் பார்க்க மைக்ராஸ்கோப்பை விட்டால் வழி இல்லை. ஒளிரும் புள்ளிகள் இரண்டு மூன்றை வைத்து, இது அதற்குப் பக்கம், அது இதற்குத் தூரம் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

2002-ல் வந்த 3சி அந்தத் தேவைக்குப் பிறந்தது. உயிரோடு இருக்கிற செல்லில் ஃபார்மால்டிஹைடு ஊற்றினால், பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற டிஎன்ஏ பகுதிகள் நடுவில் உள்ள புரதங்கள் வழியாகப் பிணைந்துவிடும். ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் போட்டு வெட்ட வேண்டும். பிறகு நன்றாக நீர்த்த கரைசலில், முனைகளை ஒட்டுகிற லைகேஸ் என்சைம் போட வேண்டும். கரைசல் நீர்த்திருப்பதால் ஒன்றாகப் பிணைந்த முனைகள்தான் தங்களுக்குள் ஒட்டும், அந்நிய முனையைச் சந்திக்க வாய்ப்பு குறைவு. பிணைப்பை அவிழ்த்தபின், எந்தத் துண்டோடு எந்தத் துண்டு ஒட்டியது என்று பிசிஆரில் அளக்கலாம். கல்யாணப் பந்தியில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கி, மண்டபத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல் அதன் படத்தை வரைவது போன்ற வேலை.

இந்த முறையில் இருக்கிற எந்த ரசாயனமும் புதிதில்லை. ஃபார்மால்டிஹைடு, வெட்டும் என்சைம், லைகேஸ், பிசிஆர், எல்லாம் எந்த லேபிலும் இருந்தவை. உங்கள் லேபிலும் இருக்கும். ஒட்டிய ஜோடிகளின் எண்ணிக்கையை இடம் பற்றிய தகவலாகப் படிக்கலாம் என்று யோசித்ததுதான் புதுசு. ஈஸ்ட்டின் மூன்றாம் குரோமோசோமை எடுத்துக்கொண்டு, பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கிற சின்ன டிஎன்ஏ துண்டு) ஜோடி ஜோடியாக அளந்து, அது ஒரு முறுக்கிய வளையம்போல் இருக்கிறது என்று காட்டினார்கள். மூன்று லட்சத்துச் சொச்சம் பேஸ் (டிஎன்ஏவின் எழுத்து) உள்ள சின்னக் குரோமோசோம் அது. ஈஸ்ட் லேபில் இருந்துகொண்டு இதை நீங்கள் கேட்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அதே வருடம் ராட்டர்டாம் குழு, இதே 3சியை எலியின் பீட்டா குளோபின் மரபணுவில் போட்டது. ரத்தச் சிவப்பணு உருவாகிற கருவின் கல்லீரலில், தொலைவில் இருக்கிற கட்டுப்பாட்டுப் பகுதி வளைந்து வந்து மரபணுவைத் தொடுகிறது. அந்த மரபணு வேலை செய்யாத மூளைத் திசுவில் தொடவில்லை. அந்த நிமிடமே கேள்வி மாறிவிட்டது. குரோமோசோம் என்ன உருவம் என்பது போய், எந்த என்ஹான்சர் (மரபணுவைக் கிளப்பிவிடுகிற கட்டுப்பாட்டுப் பகுதி) எந்த மரபணுவைத் தொடுகிறது என்று ஆகிவிட்டது. உலகத்தில் பாதி லேப் 3சி போட ஆரம்பித்தது. நிறையப் பேர் தப்பாகவும் போட்டார்கள்.

2003-லிருந்து டெக்கர் வூஸ்டரில், மாசசூசெட்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். 2006-ல் அவர் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையை, ஹை-சி பேப்பருக்கு முன்னால் நீங்கள் படிக்க வேண்டும். 3சியில் இருக்கிற மூன்று 'சி'யும் கண்ட்ரோல், கண்ட்ரோல், கண்ட்ரோல்தான் என்பது அதன் தலைப்பு. டிஎன்ஏ ஒரு நீளச் சங்கிலி. அதில் அருகருகே இருக்கிற இரண்டு இடங்கள் சும்மாவே அடிக்கடி உரசிக்கொள்ளும். எனவே ஜெல்லில் ஒரு பிசிஆர் பாண்ட் (கோடு) தெரிந்தது என்பதற்காக லூப் (டிஎன்ஏ வளைந்து தொடுகிற வளையம்) இருக்கிறது என்று சொல்லக் கூடாது. தூரம் கூடக்கூடத் தொடர்பு குறைந்துகொண்டே போய், ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் திரும்ப மேலே எழும்பினால்தான் அது லூப். பிரைமர்களும் ஒன்றுபோல வேலை செய்யாது. அதனால் புரதம் இல்லாத வெறும் டிஎன்ஏவை வெட்டி, கண்டபடி ஒட்டவைத்து, அதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். தன் முறையை உலகமே கொண்டாடும்போது, இதை வைத்து எப்படியெல்லாம் ஏமாறலாம் என்று அவரே உட்கார்ந்து எழுதினார். அவருடைய பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இதை என் லேபில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

2009 ஹை-சி தனி ஆளின் வேலை இல்லை. எம்ஐடி, ஹார்வர்டு பக்கமிருந்து எரெஸ் லீபர்மன் ஐடன், எரிக் லேண்டர், இயற்பியலாளர் லியோனிட் மிர்னி, வூஸ்டரிலிருந்து டெக்கர் குழு என்று கூடிச் செய்தது. வெட்டிய முனைகளைப் பயோட்டின் சேர்த்து நிரப்பி, ஒட்டி, நொறுக்கி, பயோட்டினைப் பற்றிக்கொள்கிற ஸ்ட்ரெப்டாவிடின் மணியில் பிடித்து, பிடித்ததையெல்லாம் சீக்வென்ஸ் செய்வது. இதில் ஒரு அழகான சோதனை உண்டு. ஹிண்ட்-3 என்கிற என்சைம் வெட்டிய இரண்டு முனைகளை நிரப்பி ஒட்டினால், ஹிண்ட்-3 வெட்டும் இடம் அழிந்துபோய் என்ஹெச்இ-1 என்கிற வேறொரு என்சைம் வெட்டும் இடம் புதிதாக உண்டாகும். அதனால் என்ஹெச்இ-1 போட்டு எவ்வளவு வெட்டுகிறது என்று பார்த்தாலே, சீக்வென்ஸிங்குக்குக் காசைக் கொட்டுவதற்கு முன்னால் லைப்ரரி தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். சேலத்துக்காரரே, டீ குடித்துக்கொண்டு நீங்கள் திறக்கிற ஃபைலுக்குப் பின்னால் இப்படி ஒரு ஜெல் இருக்கிறது.

அந்த முதல் வரைபடத்தின் கூர்மை 10 லட்சம் பேஸ். அதிலேயே ஜீனோம் இரண்டு பிரிவாகப் பிரிந்து கிடப்பது தெரிந்தது. மரபணுக்கள் சுறுசுறுப்பாக இருக்கிற பகுதிகள் தங்களுக்குள் சேர்கின்றன, அடைந்து கிடக்கிற பகுதிகள் தங்களுக்குள் சேர்கின்றன. ஏ, பி கம்பார்ட்மென்ட் என்பது அதுதான். 'ஃபிராக்டல் குளோபியூல்' என்று ஒரு மாதிரியையும் முன்வைத்தார்கள். அன்று அட்டைப்படம் வரை போனது, இன்று அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேர்போன பேப்பரில்கூட ஒரு பாதி நிற்கும், ஒரு பாதி உதிரும்.

கூர்மையைப் பற்றி ஒரு கணக்கு. வரைபடம் என்பது ஜீனோமை ஜீனோமோடு பெருக்கிய சதுரம். கூர்மையைப் பத்து மடங்கு கூட்ட வேண்டுமானால் ரீட் (சீக்வென்ஸ் செய்து படித்த துண்டு) நூறு மடங்கு வேண்டும். சீக்வென்ஸிங் விலை விழ விழத்தான் படம் தெளிந்தது. 2014-ல் ஐடன் குழு போட்ட படத்தில் 490 கோடித் தொடர்புகள், கூர்மை 1,000 பேஸ். எது எதைத் தொடுகிறது என்று 2002-ல் எழுந்த கேள்விக்கு மொத்த ஜீனோம் அளவில் பதில் வர அவ்வளவு காலம் ஆனது.

நடுவில் 2012-ல் டாட். பாரிஸில் எடித் ஹெர்டின் குழுவும் டெக்கரும் சேர்ந்து, எலியில் எக்ஸ் குரோமோசோமைச் செயலிழக்க வைக்கிற பகுதியை 5சியில் (3சியையே ஒரே தடவையில் நிறைய ஜோடிகளுக்குச் செய்கிற முறை) பார்த்தார்கள். அதே நேரம் சான் டியாகோவில் பிங் ரென் குழு ஹை-சியில் மொத்த ஜீனோமையும் பார்த்தது. இரண்டு பேப்பரும் ஒரே இதழில் வந்தன. ஜீனோம் லட்சக்கணக்கான பேஸ் அளவுள்ள வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது, ஒரு வட்டாரத்துக்குள் பேச்சு அதிகம், எல்லை தாண்டிப் பேச்சு குறைவு. நீங்கள் பார்த்த சிவப்பு முக்கோணங்கள் அவைதான். எல்லையில் சிடிசிஎஃப் என்கிற புரதம் உட்கார்ந்திருக்கும். லூப்பின் இரண்டு கால்களிலும் இருக்கிற சிடிசிஎஃப் தளங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும் என்பது 2014-ல் தெரிந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அப்படித்தான்.

இரண்டு தளங்கள் சும்மா மிதந்து வந்து ஒட்டிக்கொள்வதானால் திசை எதற்கு? எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒட்டலாமே. எனவே ஏதோ ஒன்று டிஎன்ஏவின் மேலேயே ஏறிப் பயணம் செய்து, இழுத்து இழுத்து லூப்பைப் பெரிதாக்கி, எதிரே பார்க்கிற சிடிசிஎஃப் வந்ததும் நிற்க வேண்டும். அந்த ஏதோ ஒன்று கொஹீசின் என்கிற புரதம். 2018-ல் டெல்ஃப்டில் கீஸ் டெக்கர் குழு, கொஹீசினின் உறவான கண்டென்சின் டிஎன்ஏவை இழுத்து லூப் போடுவதை மைக்ராஸ்கோப்பில் படமே பிடித்துவிட்டது. நொடிக்கு 1,500 பேஸ் வரை வேகம். (கீஸ் டெக்கர் வேறு, ஜோப் டெக்கர் வேறு. மாநாடுகளில் ஸ்லைடில் வெறும் டெக்கர் என்று போட்டுக் குழப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

செல் பிரிகிற கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2013-ல் மைட்டோசிஸ் குரோமோசோமை ஹை-சி செய்தால் டாட்டும் காணோம், கம்பார்ட்மென்ட்டும் காணோம். எந்த வகைச் செல்லை எடுத்தாலும் ஒரே மாதிரி. 2018-ல் கோழிச் செல்களை ஒரே நேரத்தில் பிரியவைத்து, நிமிடக் கணக்கில் மாதிரி எடுத்து, கண்டென்சின் இரண்டு வகையும் என்னென்ன செய்கின்றன என்று பிரித்துக் காட்டினார்கள். மிர்னியின் கணினி மாதிரியும் டெக்கரின் பெஞ்சும் சேர்ந்து ஓடிய வேலை. பைப்பெட்டா பைத்தானா என்று கேட்கிற உங்கள் சீனியரிடம் இந்த ஒரு பேப்பரைக் கொடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. வரைபடம் முடிந்ததா? ஏறக்குறைய முடிந்தது, சரி. ஆனால் இந்த மடிப்பெல்லாம் மரபணுவுக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் துறையே தலையைச் சொறிகிறது. 2017-ல் மனிதச் செல்லில் கொஹீசினைச் சில மணி நேரத்தில் அழித்துப் பார்த்தார்கள். லூப் எல்லாம் மறைந்தது, ஆனால் மரபணு வெளிப்பாடு கொஞ்சம்தான் மாறியது. 2019-ல் ஐலீன் ஃபர்லாங் குழு, தாறுமாறாக வெட்டி ஒட்டப்பட்ட குரோமோசோம் கொண்ட பழ ஈக்களில் பார்த்தது. டாட்கள் உடைந்தும் பெரும்பாலான மரபணுக்கள் அலட்டிக்கொள்ளவில்லை. மறுபக்கம், 2015-ல் பெர்லினில் முண்ட்லோஸ் குழு காட்டியது வேறு. ஒரு டாட் எல்லை அழிந்ததால், பக்கத்து வட்டாரத்து என்ஹான்சர் பேக்ஸ்-3 மரபணுவைத் தவறான இடத்தில் கிளப்பிவிட்டு, விரல்கள் குட்டையாகப் பிறக்கிற குடும்பங்கள். அதே பிழையை எலியில் வைத்தும் காட்டினார்கள்.

ஒரு எல்லை போனால் கை உருவமே மாறுகிறது. எல்லா லூப்பும் போனால் செல் சும்மா இருக்கிறது. இரண்டும் நல்ல வேலை, இரண்டும் உண்மை. எது எப்போது என்று சொல்ல ஆள் இல்லை. அதைச் சொல்வதுதான் மிச்சம், அதற்கு ஏற்கெனவே போட்ட வரைபடம் உதவாது. உடைக்க வேண்டும், மாற்றி வைக்க வேண்டும், நேரத்தோடு பார்க்க வேண்டும். டவுன்லோட் செய்யக் கிடைக்காத டேட்டா அது.

வைகைக்கரையான்

அக்கா, ரொம்ப நன்றி. இரண்டு தடவை படித்தேன். இரண்டு கேள்வி. ஹை-சி லட்சக்கணக்கான செல்களின் சராசரிதானே? அப்படியானால் அந்த முக்கோணம் ஒரு தனிச் செல்லில் இருக்கிறதா இல்லையா? இன்னொன்று, இதைப் படிக்க இந்தியாவில் வழி உண்டா, வெளிநாடுதானா?

முதுநிலை_வாத்தியார்

பெஞ்ச் அக்காவின் விவரணை நன்று. ஆனால் இந்தத் துறை 2002-ல் தொடங்கியதுபோல் இளைஞர்கள் எண்ணிவிடக் கூடாது. குரோமோசோம்கள் நியூக்ளியஸில் தத்தமக்கென்று இடம் பிடித்திருக்கின்றன என்று கார்ல் ராபிள் 1885-லேயே சொன்னார். போவேரி 1909-ல் அஸ்காரிஸ் புழுவின் முட்டையில் அதையே வலியுறுத்தினார். பிறகு மின்னணு நுண்ணோக்கிக் காலத்தில் பலர் அதை நம்பாமல், குரோமோசோம்கள் எல்லாம் கலந்து கிடப்பதாகவே கருதினார்கள்.

திரும்ப நிறுவியவர்கள் ஜெர்மனியின் கிரேமர் சகோதரர்கள். தாமஸ் மருத்துவம், கிறிஸ்டோஃப் இயற்பியல். புற ஊதா லேசரால் நியூக்ளியஸில் ஒரு சிறு புள்ளியை மட்டும் சுட்டார்கள். எல்லாம் கலந்து கிடந்தால் அந்தச் சேதம் பல குரோமோசோம்களில் சிதறித் தெரிய வேண்டும். ஆனால் சிலவற்றில் மட்டுமே தெரிந்தது. ஒரு லேசர், ஒரு புள்ளி, இவ்வளவுதான் சோதனை. நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். 2009 ஹை-சியும் இதைத்தான் உறுதி செய்தது: எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், ஒரே குரோமோசோமுக்குள் இருக்கிற இடங்கள் அடுத்த குரோமோசோமைவிடத் தங்களுக்குள் அதிகம் தொட்டுக்கொள்கின்றன.

சேலத்து_ஸ்கிரிப்ட்

அக்கா, ஜெல்லுக்கு ஒரு கும்பிடு. ஆனாலும் ஒன்று. கோழிச் செல் பேப்பரில் மிர்னி பக்கம் இருந்தவர்கள் பைப்பெட் பிடிக்கவில்லை. கணினி மாதிரி இல்லாமல் அந்த டேட்டா வெறும் கலர்ப் படம்தான். தம்பி எந்தப் பக்கம் போனாலும் இயற்பியல் கொஞ்சம் படித்து வைக்கட்டும். பாலிமர் என்றால் என்ன என்று தெரியாமல் குரோமாட்டின் பேசுகிறவர்கள்தான் அதிகம்.

பெஞ்ச்_அக்கா

பாலிமர் விஷயத்தில் சேலத்துக்காரர் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். வாத்தியார் ஐயா, கிரேமர் சோதனையை நான் விட்டிருக்கக் கூடாதுதான், நீங்கள் சொன்னதே நல்லது, எனக்கு அவ்வளவு அழகாக வராது. ஆனால் ஒரு சின்ன வம்பு: இடம் பிடித்திருப்பது தெரிந்தும், அந்த இடத்துக்குள் எந்த மரபணு எங்கே என்று மைக்ராஸ்கோப் வெகுகாலம் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் 3சி நுழைந்தது.

தம்பி, முதல் கேள்வி. சராசரிதான். லட்சம் கல்யாணங்களின் பந்திப் பட்டியலை ஒன்றாகக் கொட்டிப் போட்ட படம் அது. தனிச் செல்லில் அந்த முக்கோணம் அப்படியே இருக்காது. 2022-ல் எம்ஐடியில் ஆண்டர்ஸ் ஹான்சன் குழு, எலியின் ஸ்டெம் செல்லில் ஒரு லூப்பின் இரண்டு கால்களிலும் ஒளிரும் புள்ளி வைத்து, உயிரோடு இருக்கும்போதே பின்தொடர்ந்தது. ஹை-சியில் பளிச்சென்று தெரிகிற அந்த லூப், முழுமையாக மூடியிருந்த நேரம் நூற்றுக்குச் சுமார் 3 முதல் 6 பங்குதான். மூடினாலும் 10 முதல் 30 நிமிடத்தில் அவிழ்ந்துவிடுகிறது. மீதி நேரம் பெரும்பாலும் பாதி இழுத்த நிலையில். நிலையான கட்டடம் என்று நாங்கள் வரைந்துகொண்டிருந்தது ஓயாத நடமாட்டம். அவ்வளவு அபூர்வமான சந்திப்பு மரபணுவுக்குப் போதுமா, போதுமென்றால் எப்படி என்று கேட்டால், போன பதிவில் சொன்ன அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

இரண்டாவது. இந்தியாவிலேயே படிக்கலாம். ஹைதராபாத் சிசிஎம்பி, பெங்களூர் ஜேஎன்சிஏஎஸ்ஆர், என்சிபிஎஸ், புனே ஐசர், எல்லாவற்றிலும் குரோமாட்டின் வேலை நடந்திருக்கிறது. சிஎஸ்ஐஆர் ஜேஆர்எஃப் (பிஎச்டிக்கு உதவித்தொகை தருகிற தேர்வு) எழுதுங்கள். 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாயும் வாடகைப்படியும். என்சிபிஎஸ் போன்ற இடங்களுக்கான நுழைவுத் தேர்வான ஜீபில்ஸையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

லேபைத் தேர்ந்தெடுக்கும்போது இணையதளத்தில் இருக்கிற வண்ணப் படத்தை நம்பாதீர்கள். நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்டு முடித்ததும் நீங்கள் கேளுங்கள்: சீக்வென்ஸிங்குக்கு வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், ஆய்வு செய்ய லேபிலேயே ஆள் உண்டா அல்லது வெளியே அனுப்புகிறார்களா, போன மாணவர் முதல் வருடம் என்ன செய்தார். லைப்ரரி போட்டுவிட்டு ரீட் வாங்கக் காசில்லாமல் ஃப்ரீஸரில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அப்படிக் காத்திருக்கிற வருடமும் ஃபெலோஷிப் கணக்கில்தான் கழியும். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற பேராசிரியரிடம் சேராதீர்கள், எவ்வளவு பெரிய பேராக இருந்தாலும்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யலாம். ஈஸ்ட் கையில் இருக்கிறது, ஜீனோம் சின்னது. உங்கள் கைடிடம் கேட்டு ஒரு சாதாரண 3சி போட்டுப் பாருங்கள். ஈஸ்ட்டில் எல்லாக் குரோமோசோம்களின் சென்ட்ரோமியரும் ஒரே இடத்தில் கொத்தாக இருக்கும் என்பது தெரிந்த விஷயம். எனவே இரண்டு வெவ்வேறு குரோமோசோம்களின் சென்ட்ரோமியர் பக்கத்தில் பிரைமர் வைத்தால் பாண்ட் வர வேண்டும், கைகளின் நடுவில் வைத்தால் மங்கலாக வர வேண்டும். விடை தெரிந்த கணக்கில் கை பழகிக்கொள்ளலாம். ஃபார்மால்டிஹைடு பழைய பாட்டிலாக இருக்கக் கூடாது, கிளைசின் போட்டுப் பிணைப்பை நிறுத்த மறக்காதீர்கள், ஈஸ்ட்டின் செல் சுவர் சரியாக உடைந்ததா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். லைகேஸ் போடாத குழாய் ஒன்று, பிணைப்பு செய்யாத குழாய் ஒன்று, வெறும் டிஎன்ஏவைக் கண்டபடி ஒட்டிய குழாய் ஒன்று, மூன்றும் கட்டாயம். வெட்டியதற்கும் ஒட்டியதற்கும் பிறகு எடுத்த ஜெல் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.